ட்ரோன் பறக்கும், தூர் வாருமா?

பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு வேடிக்கை உண்டு. சிறுசேரியில் உலகத்துக்கே மென்பொருள் எழுதுகிறார்கள். சற்றுத் தள்ளி, திருப்போரூர்ப் பக்கத்து மானாவாரி நிலத்தில் வேர்க்கடலை போடலாமா என்பதை இன்னும் வானம்தான் முடிவு செய்கிறது. ஊர்ப் பையனுக்கு மென்பொருளால் கிடைத்த வேலை, அதை எழுதுகிறவர்களுக்குப் பிரியாணி கொண்டுபோய்க் கொடுப்பது. அரசும் சும்மா இருக்கவில்லை. 2018இல் உழவன் செயலி வந்தது. வானிலை, மானியம், சந்தை விலை எல்லாம் கைக்குள். 2023இல் ஒன்றிய அரசு 15,000 மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் தரும் திட்டத்தை ஏற்றது. விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியம்.

தொழில்நுட்பமே வேண்டாமா என்று சண்டைக்கு வருவார்கள். வேண்டும். மழை முன்கூட்டியே தெரிந்தால் விதைக்கடலை வீணாகாது. அது சின்ன லாபமில்லை. ஆனால் பெய்த மழையைச் செயலி பிடித்துவைக்காது. ஏரி மாவட்டம் என்று பெயரெடுத்த செங்கல்பட்டில் வரத்துக்கால்வாய் தூர்ந்து கிடந்தால், தண்ணீர் எத்தனை மணிக்குக் கடலுக்குப் போகும் என்பது மட்டும் துல்லியமாகத் தெரியும். ட்ரோன் மருந்தடிக்க முதலில் பயிர் நிற்க வேண்டுமே! ஆகவே ஏரி மட்டம் அளக்க, மண் பரிசோதிக்க, ட்ரோனைப் பழுதுபார்க்க அந்தப் பையனையே மாதச் சம்பளத்துக்கு வையுங்கள். நிதிக்கு எங்கே போவது என்பார்கள். திறப்பு விழாப் பந்தல் செலவிலிருந்து ஆரம்பிக்கலாம்.