ஆயிரம் சிசி ஆசை

கேள்வி: அண்ணே, இந்த வருஷம் ஏலக்காய் கை கொடுத்திருக்கிறது. பதினான்கு லட்சத்தைச் சுற்றி விலை சொல்லும் கவாசாகி நிஞ்சா 1100 எஸ்எக்ஸ் எடுக்கலாமா?
– ஏலத்தோட்டக்காரர், போடிநாயக்கனூர்

பதில்: ஏல மையத்தில் விலை ஏறுகிற அன்று தோன்றும் ஆசையை, விலை இறங்குகிற அன்றும் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள் தம்பி. அன்றைக்கும் அது உயிரோடு இருந்தால் மேலே படிக்கலாம்.

வண்டியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1099 சிசி, 136 குதிரைத்திறன், நாள் முழுக்க ஓட்டினாலும் முதுகு கோபித்துக்கொள்ளாத இருக்கை. ஸ்போர்ட் டூரர் என்பதே தூரம் போகப் பிறந்த வண்டி. அதற்கான ரோடும் உங்கள் ஊர் வழியாகவே போகிறது: கொச்சியில் தொடங்கி மூணாறு, போடி, தேனி, மதுரை என்று வந்து தொண்டியில் முடிகிற தேசிய நெடுஞ்சாலை 85. மதுரையைத் தாண்டித் தனுஷ்கோடிப் பக்கம் திரும்பினால் பரமக்குடி வரை நான்குவழிச் சாலை வேறு. விடியலில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குக் கடல் தெரியும்.

ஆனால் நீங்கள் அன்றாடம் போவது அந்தப் பக்கம் இல்லையே! தோட்டத்துக்குப் போக மேற்கே அல்லவா திரும்ப வேண்டும்? போடிமெட்டு ஏற்றத்தில் 17 கொண்டை ஊசி வளைவுகள். முதல் இரண்டு கியரைத் தாண்ட அங்கே வேலையே இருக்காது. வண்டியின் எடை 238 கிலோ. இரண்டு ஸ்ப்ளெண்டரைச் சேர்த்துக் கட்டினாலும் அவ்வளவு வராது. வளைவில் கால் வழுக்கிச் சாய்ந்துவிட்டால், தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வரும் ஜீப்தான் நின்று உதவ வேண்டும். நம்மூர் ஆட்கள், கட்டாயம் தூக்கி விடுவார்கள். சாயங்காலத்துக்குள் கதை கம்பம் வரை போய்விடும், அது வேறு.

ஒரே ஒரு கணக்குப் போடுங்கள். இப்போதிருக்கும் வண்டியில், போன வருஷம் ஒரே நாளில் 300 கிலோமீட்டர் எத்தனை தடவை ஓட்டினீர்கள்? ஐந்தாறு தடவை என்றால் தாராளமாக எடுங்கள், நானே வந்து எலுமிச்சம்பழம் வைக்கிறேன். ஒரு தடவைகூட இல்லையென்றால் வேண்டாம். நூறு சிசியில் வராத பயண ஆசை ஆயிரம் சிசியில் வரும் என்பது, கல்யாணமானால் பொறுப்பு வந்துவிடும் என்று பெண் கொடுக்கிற கதை.

கேள்வி: வண்டி விலையைவிட வரிதான் பயமுறுத்துகிறதே?
– உத்தமபாளையம் வாசகர்

பதில்: 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. அதற்கு மேலே போனால் 40 சதவீதம். தமிழ்நாட்டு ஆயுள் வரி 12 சதவீதம் தனி. ஐந்து வருஷ மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயம். பத்து லட்ச ரூபாய் வண்டி ரோட்டுக்கு வரும்போது பதினைந்தைத் தாண்டிவிடும். அந்தக் கூடுதல் ஐந்தில் உங்களுக்கு ஒரு டயர்கூடக் கிடைக்காது.

கேள்வி: "பெரிய பைக் வாங்கினா உன்னைப் பின்னால உக்கார வச்சு லடாக் கூட்டிட்டுப் போறேன்" என்கிறார் என் வீட்டுக்காரர். நம்பலாமா?
– ஒரு மனைவி, கம்பம்

பதில்: மதினி, முதலில் சுருளி அருவிக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். பக்கத்தில்தானே இருக்கிறது? அதற்கே "வர்ற ஞாயித்துக்கிழமை பாப்போம்" என்றால், லடாக் எந்த வருஷம் என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம்.

கேள்வி: திராட்சைத் தோட்டத்தில் அரை ஏக்கரை விற்று ஹயபுசா எடுக்கத் துணிந்துவிட்டேன். வாழ்த்துவீர்களா?
– சுருளிப்பட்டி வாசகர்

பதில்: பென்னிகுயிக் சொந்தச் சொத்தை விற்று முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்தார் என்று நம் பள்ளத்தாக்கில் சொல்வார்கள். அதற்காக லோயர்கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. தோட்டத்தை விற்று பைக் வாங்கியவருக்கு அப்படி எதுவும் கட்டுகிற வழக்கமில்லை.

கேள்வி: பையனுக்கு 18 ஆகிறது. லைசென்ஸ் வாங்கிவிட்டான். அதே ஹயபுசாதான் வேண்டுமாம்!
– ஒரு தகப்பன், பெரியகுளம்

பதில்: சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் எழுதுகிறேன். நம் நாட்டில் 125 சிசி வண்டியில் எட்டுப் போட்டு வாங்கிய லைசென்ஸே 1340 சிசி ஹயபுசாவுக்கும் போதும். ஐரோப்பாவில் அப்படி விடுவதில்லை. இளைஞர்களை முதலில் 35 கிலோவாட், அதாவது சுமார் 47 குதிரைத்திறனுக்குள் நிறுத்தி வைத்து, பழகிய பிறகே பெரிய வண்டிக்கு அனுமதிக்கிறார்கள். சட்டம் தடுக்காததை அப்பா தடுக்கலாம். தடுங்கள்.

கேள்வி: ஆடிக்காற்றில் பெரிய பைக் ஆடாதுதானே?
– கூடலூர் வாசகர்

பதில்: நம் பள்ளத்தாக்கில் காற்றாலைகளைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்? தென்மேற்குப் பருவக்காற்று மலை இடைவெளியில் புகுந்து வேகமெடுத்து வரும். கனமான வண்டி எளிதில் அசையாது என்பது பாதி உண்மை. முன்பக்கம் மூடிய ஃபேரிங், எதிர்க்காற்றை உங்கள் நெஞ்சில் படாமல் ஒதுக்கும். பக்கக்காற்றில் அதுவே பாயாக விரிந்து வாங்கும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல், முழங்காலால் டேங்கை அணைத்து, வேகத்தைக் குறையுங்கள்.

கேள்வி: தேனி நேரு சிலை முன்னால் பெரிய வண்டியில் நின்றால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களா?
– பெயர் வேண்டாம்

பதில்: பார்ப்பார்கள். எஞ்சின் சூடு உங்கள் தொடையில் ஏறுவது மட்டும் யாருக்கும் தெரியாது.

கேள்வி: கையில் இருப்பது இரண்டரை லட்சம். எனக்கும் தூரம் போகத்தான் ஆசை.
– பள்ளி ஆசிரியர், சின்னமனூர்

பதில்: வந்த கேள்விகளில் விவரமானது உங்களுடையதுதான் சார். சுசுகி ஜிக்ஸர் எஸ்எஃப் 250 ஓட்டிப் பாருங்கள். 249 சிசி, 161 கிலோ, வரி 18 சதவீதம். ஒற்றை சிலிண்டர் என்பதால் மெக்கானிக்கும் மிரள மாட்டார். நான்குவழிச் சாலையில் பைக்குக்கு மத்திய அரசு வைத்திருக்கும் உச்ச வேகம் 80 கிலோமீட்டர். இந்த வண்டி அதில் மூச்சு வாங்காமல் ஓடும். நிஞ்சாவுக்கு அந்த வேகத்தில் தூக்கம் வரும். மிச்சப் பணத்தில் ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஹெல்மெட் இரண்டு வாங்குங்கள், பின்னால் உட்காருகிறவருக்கும் சேர்த்து. முதல் ஓட்டம் மேகமலைக்கு என்றால் காலையிலேயே ஏறிவிடுங்கள். சாயங்காலம் சோதனைச் சாவடியை வனத்துறை மூடிவிடும்.