கோடை முகாமுக்கு ஒரு விண்ணப்பம்

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இல்லாத வேலையா? பிள்ளைகளை விளையாட வைக்க அமெரிக்கா போகிறாளாம் என் மகள்! (வாசகர், ஆவடி)

பதில்: தொழிற்பேட்டை எங்கே போய்விடப் போகிறது? கோடை முகாமில் பிள்ளைகளைக் கவனிக்கும் ஆலோசகருக்கான அமெரிக்க ஜே-1 விசாவின் உச்சவரம்பே நான்கு மாதம்தான். 1961-இல் கென்னடி கையெழுத்திட்ட பண்பாட்டுப் பரிமாற்றச் சட்டத்தில் வேர்விட்ட திட்டம் இது. 18 வயதும் நல்ல ஆங்கிலமும் கட்டாயம். அங்குள்ள பிள்ளைகள் ஒரு தமிழ்ப் பெண்ணோடு பழகி நம்மை அறிய வேண்டும் என்பதே நோக்கம். அதனால்தான் இந்த விசாவில் போகிறவரைச் சமையல், பாத்திரம் கழுவுதல், துப்புரவு வேலைகளில் அமர்த்தக் கூடாது என்று விதியே தடுக்கிறது.

மலிவுக் கூலிக்கு ஆள் பிடிக்கும் வழி என்பீர்கள். அமெரிக்க ஆலோசகருக்கு நிகரான ஊதியம் தர வேண்டும் என்பதும் விதிதான். விதியை மீறுவோர் உண்டே என்றால், உண்டு. வடிகட்ட வழியும் உண்டு. அனுப்பும் நிறுவனம் அமெரிக்க வெளியுறவுத் துறையின் அங்கீகாரப் பட்டியலில் இருக்க வேண்டும். எந்த முகாம் என்பது விமானம் ஏறுமுன்பே உறுதியாக வேண்டும். "அங்கே போனதும் சொல்கிறோம்" என்கிற ஏஜென்ட், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் எவ்வளவு பெரிய அலுவலகம் வைத்திருந்தாலும், அவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.