பீரோ மேல் எலி

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் பத்துப் பேர் கூடி, விவாதித்து, வாக்கெடுத்துச் செய்த காரியத்தை நான் வீட்டில் ஒற்றை ஆளாக, ஒரு ஸ்டூலை மட்டும் வைத்துக்கொண்டு முடித்தவன். அவர்களுக்காவது கூட்டக் குறிப்பு என்று ஒன்று இருக்கிறது. உலகமே அதைப் படித்துத் திட்டியது. என் தடைக்குப் பதிவேடு கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்தப் பத்தி.

2022 ஜனவரி 10 அன்று மெக்மின் கவுண்டியின் பள்ளி வாரியம் ஆர்ட் ஸ்பீகல்மனின் ‘மவுஸ்’ என்ற கிராஃபிக் நாவலை எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து தூக்கியது. பத்துக்குப் பத்து வாக்கு. போலந்து யூதரான தன் அப்பா விளாடெக், ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குப் போய் உயிரோடு மீண்ட கதையை மகன் கேட்டுக் கேட்டு வரைந்த புத்தகம் அது. அதில் யூதர்கள் எலிகள், ஜெர்மானியர்கள் பூனைகள். 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசும் வாங்கியது. வாரியத்துக்கு உறுத்தியவை எட்டுக் கெட்ட வார்த்தைகள், ஒரு நிர்வாணப் படம், ஒரு தற்கொலை. யூதப் படுகொலையைச் சொல்லித்தர வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, வேறு புத்தகத்தை வைத்துச் சொல்லித்தாருங்கள் என்றார்கள்.

செய்தி அந்த மாதக் கடைசியில் வெளியே வந்தது. அன்றிரவே கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் பொங்கிவிட்டேன். பல லட்சம் பேரைக் கொன்றது உறுத்தவில்லை, எட்டு வசவுதான் உறுத்துகிறதோ என்று நான் கேட்டதற்கு ஏகப்பட்ட கைதட்டல் விழுந்தது. அந்தச் சூட்டில், 2013இல் சிகாகோவில் ஏழாம் வகுப்பறைகளிலிருந்து மர்ஜான் சத்ரபியின் ‘பெர்சபோலிஸ்’ புத்தகம் எடுக்கப்பட்டதையும், மாணவர்கள் அதை எதிர்த்துப் போராடியதையும் இழுத்துவிட்டேன். அப்போது ஒருவன், “உன் பொண்ணும் எட்டாவதுதானடா, படிச்சுட்டாளா?” என்று கேட்டான். “அவளுக்குப் பரீட்சை நேரம்டா” என்று பதில் தட்டினேன். கொரோனாவால் பள்ளிக்கூடமே பூட்டிக் கிடந்த மாதம் அது. அவன் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நல்ல நண்பன்.

புத்தகம் அந்நேரம் பீரோவின் உச்சியில், கொலுப்பொம்மைப் பெட்டிக்குப் பின்னால் இருந்தது.

நேராக அங்கே போய்விடவில்லை. முதலில் ஒரு நடுவழி பார்த்தேன். ‘மவுஸ்’ நடுவே நான்கு பக்கம் வேறு பாணியில் வரும். எலிமுகம் இல்லை, மனிதமுகம். 1968இல் தன் அம்மா அன்யா உயிரை மாய்த்துக்கொண்டதை ஸ்பீகல்மன் இளைஞராக இருந்தபோது தனிக் காமிக்ஸாக வரைந்திருந்தார். அதையே பிறகு இந்தப் புத்தகத்துக்குள் சேர்த்துவிட்டார். வாரியம் சொன்ன நிர்வாணப் படம் இங்கேதான் இருக்கிறது, குளியல்தொட்டியில் கிடக்கும் அம்மாவின் சின்னஞ்சிறு படம். நான் அந்த நான்கு பக்கங்களின் மேலும் மஞ்சள் ஸ்டிக்கி நோட்டுகளை வரிசையாக ஒட்டினேன். மெக்மினிலும் முதலில் இந்த யோசனைதான் வந்ததாம். வார்த்தைகளையும் அந்தப் படத்தையும் மறைத்துவிட்டுப் பாடம் நடத்தலாம் என்றிருக்கிறார்கள், அப்புறம் காப்புரிமை என்னாவது என்று பேச்சு வந்திருக்கிறது. எனக்குக் காப்புரிமைச் சிக்கல் வரவில்லை. ஆனால் ஒட்டி முடித்து மூடிப் பார்த்தால், பக்க ஓரத்தில் மஞ்சள் வால் நீட்டிக்கொண்டு, முதலில் இங்கே திற என்று புத்தகமே கூப்பிட்டது. அதன் பிறகுதான் ஸ்டூலைத் தேடினேன்.

இந்தப் பீரோ முறைக்கு ஜப்பானில் ஒரு முன்னோடி உண்டு என்று பின்னால் தெரிந்து கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஹிரோஷிமா அணுகுண்டில் தப்பிய கெய்ஜி நகஸாவா வரைந்த ‘வெறுங்கால் கென்’ தொடரை மாணவர்கள் நினைத்தபோது எடுக்க முடியாத உள் அலமாரியில் வையுங்கள் என்று மத்சுவே நகரக் கல்வி அலுவலகம் 2012 டிசம்பரில் பள்ளிகளுக்குச் சொன்னது. அடுத்த ஆகஸ்டில் விஷயம் வெளியே தெரிந்து கண்டனம் கிளம்ப, உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். என் விஷயம் வெளியே தெரியவில்லை, அதனால் யாரும் கண்டிக்கவில்லை.

வசவுக்காக நான் ஒளித்துவைக்கவில்லை. பள்ளி வேனில் ஒரு வாரம் போய்வந்தால் எட்டெல்லாம் ஒரு கணக்கா? நிர்வாணத்துக்காகவும் இல்லை. எங்கள் வீட்டில் ஒரு அத்தை உண்டு, அதாவது சுவரில் மாலை போட்ட படமாக. சின்ன வயதில் வயிற்றுவலியால் போய்விட்டாள் என்பார்கள். செய்தித்தாள் படித்து வளர்ந்தவர்களுக்கு அது எந்த வயிற்றுவலி என்று விளக்க வேண்டியதில்லை. மகள் அந்த நான்கு பக்கத்தைப் படித்தால் அடுத்து அந்தப் படத்தைப் பார்ப்பாள். கேள்வி ஸ்பீகல்மனுக்குப் போகாது, எனக்குத்தான் வரும். அவள் தாங்கமாட்டாள் என்று மனைவியிடம் சொன்னேன். தாங்கமாட்டாதவர் யார் என்று அவளுக்குத் தெரியும், எதுவும் சொல்லவில்லை.

பதின்மூன்று வயதுப் பிள்ளை அப்படிப்பட்ட பக்கங்களைப் படிக்கும்போது பக்கத்தில் ஒரு பெரியவர் இருப்பது நல்லது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். மெக்மின்காரர்களின் அந்தக் கவலையை மட்டும் என்னால் கேலி செய்ய முடியாது. ஆனால் வகுப்பறையில்தானே அந்தப் பெரியவர் சம்பளம் வாங்கிக்கொண்டு நிற்கிறார்? அங்கிருந்து எடுத்தால் பிள்ளைகள் தனியாகப் படிக்கும். தடைச் செய்தி பரவிய சில நாளில் ‘மவுஸ்’ அமேசான் விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போனது. நாக்ஸ்வில்லில் ஒரு காமிக்ஸ் கடை நன்கொடை திரட்டி மாணவர்களுக்கு இலவசமாகவே கொடுத்தது.

எங்கள் வீட்டில் நவராத்திரி கொடுத்தது. பொம்மைப் பெட்டியை இறக்க ஸ்டூலில் ஏறிய மகள் பெட்டியையும் எலியையும் சேர்த்தே இறக்கினாள். மஞ்சள் சீட்டுகளைப் பிய்த்துத் தன் கணக்கு நோட்டில் ஒட்டிக்கொண்டாள்.

இரண்டாம் நாள் புத்தகத்தோடு வந்தாள். “அப்பா, இந்த ரோட்டைப் பார்த்தியா?” போக்கிடம் இல்லாமல் விளாடெக்கும் அன்யாவும் நடந்து போகும் ஒரு படம். அவர்களுக்கு முன்னால் பிரிந்து போகும் பாதைகள் ஸ்வஸ்திக வடிவில் இருக்கின்றன. எந்தப் பக்கம் திரும்பினாலும் நாஜிகள்தான். இந்தப் புத்தகத்துக்காக ஒரு வாட்ஸ்அப் குழுவையே அதிரவைத்த நான் அந்தப் பாதையைப் பார்த்ததே இல்லை. பேச்சு பலூனுக்குப் பலூன் தாவி ஒரே மாலையில் முடித்தவன் நான். இதற்கு என் அப்பாதான் காரணம் என்று சொல்லிப் பார்க்கலாம். 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவியை நான் பழைய புத்தகக் கடையில் பிடித்து, வரலாற்றுப் பாடநூலுக்குள் செருகி, அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்பதற்குள் படித்து முடித்தேன். அதில் படம் பார்க்க நேரம் ஏது? ஆனால் ‘மவுஸ்’ வாங்கும்போது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது, அப்பாவும் இல்லை.

அவள் அதோடு விடவில்லை. முதல் பாகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். அன்யா எழுதிவைத்த டைரிகளை விளாடெக் எரித்துவிட்டது மகனுக்கு அங்கேதான் தெரியவருகிறது. பாகம் முழுக்க நாஜிகள் வருகிறார்கள், முடிவில் மகன் கொலைகாரன் என்று சொல்வது தன் அப்பாவை. எனக்கு வியர்த்தது.

“இவரு எரிச்சுட்டாரு. நீ மேலதான வச்ச, பரவாயில்ல” என்றாள்.

இனித் தப்பிக்க முடியாது என்று தொண்டையைச் செருமி, “அத்தை இருக்காங்கல்ல...” என்று ஆரம்பித்தேன். “தெரியும்ப்பா. ஏழாவது படிக்கிறப்பவே அம்மா சொல்லிட்டாங்க” என்றவள், இரண்டாம் பாகம் எங்கே என்று கேட்டாள். பரணில் என்றேன்.

போன மாதம் அவள் தோழியின் அம்மா ஃபோன் செய்தார். “சார், எங்க பொண்ணு கையில ஏதோ எலிப் பொம்மை போட்ட புத்தகம் இருக்கு. தூக்குல தொங்குற படம்லாம் வருது. உங்க பொண்ணுதான் கொடுத்தான்னு சொல்றா.” வாட்ஸ்அப்பில் எழுதியதெல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. “அப்படியா மேடம்? ஸ்கூல் லைப்ரரியில எடுத்திருப்பாங்க” என்றேன்.

“இதையெல்லாமா வைப்பாங்க? நாளைக்கே போய்க் கேக்கப் போறேன் சார்.”

“கேக்கணும் மேடம். நானும் வர்றேன்.”