காபி குடிக்காத ஊருக்குக் குடிபோகலாமா?

அமெரிக்கா போகிறேன் என்று சொன்னால் கும்பகோணத்தில் அடுத்த கேள்வி, "கலிஃபோர்னியாவா, நியூ ஜெர்சியா?" என்பதுதான். இரண்டும் இல்லை, யூட்டா மாநிலத்தில் ப்ரோவோ என்று ஓர் ஊர் என்றேன். பெரியப்பா கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "பரவாயில்லடா, மனசைத் தளரவிடாதே. அடுத்த தடவை நல்ல ஊரா கிடைக்கும்" என்றார்.

கொரோனா சமயத்தில் லேப்டாப்பும் கையுமாகச் சென்னையிலிருந்து ஊர் திரும்பியவன் நான். ராத்திரி மாடியில் உட்கார்ந்து அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை, பகலில் தூக்கம், சாயங்காலம் எழுந்து சாரங்கபாணி கோயில் வரை ஒரு நடை. இப்படியே ரிட்டயர் ஆகிவிடலாம் என்ற கனவில் கம்பெனி மண்ணைப் போட்டது. ப்ரோவோ அலுவலகத்துக்கு நேரில் வா, குடும்பத்தையும் கூட்டி வா, எல்-1 விசா எங்கள் பொறுப்பு என்று மெயில். அன்றிலிருந்து வீட்டில் நடுவர் இல்லாத பட்டிமன்றம்.

விசாரித்ததில் தெரிந்தது, ப்ரோவோ என்பது அவர்களுடைய கும்பகோணம். நம்மைவிடச் சின்னது: 2020 கணக்கெடுப்பில் 1,15,000 பேர். நாம் 2011-லேயே 1,40,000. மாநகராட்சிக்காரன் சிற்றூருக்குப் போகிறேன் என்று பெரியப்பாவிடம் சொல்லவில்லை, ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறார்.

மார்மன்கள் என்று உலகம் அழைக்கும் கிறிஸ்தவப் பிரிவினரின் ஊர் அது. அந்தப் பெயர் வேண்டாம், முழுப் பெயரைச் சொல்லுங்கள் என்று சபைத் தலைமை 2018-லிருந்து வற்புறுத்தி வருகிறது. முழுப் பெயர், பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. அருள்மிகு மங்களாம்பிகை உடனுறை ஆதிகும்பேஸ்வரர் திருக்கோயில் என்று மூச்சு விடாமல் சொல்லிப் பழகிய வாய்க்கு இதெல்லாம் ஒரு நீளமா? கிழக்கே இருந்த ஊர்களிலிருந்து விரட்டப்பட்டு, பிரிகாம் யங் என்பவரின் தலைமையில் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு 1847-ல் யூட்டாவுக்கு வந்தவர்கள். 1849-ல் ப்ரோவோவில் குடியேறினார்கள். (அங்கே ஏற்கெனவே இருந்த யூட் பழங்குடியினரின் கதை தனி, சோகமானது.) 1875-ல் ஒரு பள்ளி தொடங்கினார்கள். அதுதான் பிரிகாம் யங் பெயரில் இன்று சபை நடத்தும் பல்கலைக்கழகம். அங்கே படிக்கும் பையன்கள் தாடி வைக்கக் கூடாது. யங்கின் பிற்காலப் படங்களில் அவருக்கே தாடி இருக்கிறது. ஸ்தாபகருக்கு ஒரு விதி, பக்தருக்கு ஒரு விதி என்பது நமக்குப் பழக்கமில்லாத விஷயமா என்ன?

பட்டிமன்றத்தின் முதல் தலைப்பு காபி. 1833-ல் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்துக்கு இறைவன் வெளிப்படுத்தியதாக அவர்கள் நம்பும் உணவு நெறியில் மது, புகையிலையோடு சூடான பானங்களும் விலக்கு. சூடான பானம் என்றால் காபியும் தேயிலையும்தான் என்று பின்னால் வந்த பெரியவர்கள் உரை வகுத்துவிட்டார்கள். சட்டத்தடை ஒன்றும் கிடையாது. ப்ரோவோவில் காபிக்கடைகள் இருக்கின்றன, பொடியும் கிடைக்கும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் குடிக்கமாட்டார்.

இதன் விபரீதம் கும்பகோணத்துக்காரனுக்குத்தான் புரியும். எங்கள் தெருவில் வாசல்படி ஏறியவரிடம் முதலில் கேட்பது "காபி சாப்பிடறீங்களா?" பேர், ஊர், வந்த காரியம் எல்லாம் டபரா கீழே வைத்தபிறகு. காபி வேண்டாம் என்று ஒருவர் சொல்லிவிட்டால், சர்க்கரையா, மஞ்சள் காமாலையா, அல்லது சொத்துத் தகராறா என்று அம்மா ஆராய்ச்சியில் இறங்கிவிடுவாள். ஓர் ஊரே காபி வேண்டாம் என்று சொன்னால் எதைத்தான் ஆராய்வது?

காபி விட்டுப்போன இடத்தைச் சோடா பிடித்திருக்கிறது. பல்கலைக்கழக வளாகத்தில் காஃபீன் உள்ள கோக்கை 2017 வரை விற்கவில்லை என்பது உண்மை. ஆனால் ஊர் முழுக்கச் சோடாக் கடைகள், கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன. கோக்கில் தேங்காய் சிரப்பை ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, மேலே க்ரீமையும் விட்டு டர்ட்டி சோடா என்று தருகிறார்கள். செய்முறையை அம்மாவுக்கு விளக்கினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே கடைசிவரை கேட்டாள். "இந்தக் கண்றாவிக்கு காபியே குடிச்சுத் தொலைக்கலாமேடா. பகவான் வேண்டாம்னா சொல்லப்போறார்?"

மனைவிக்கு வேறு கவலை. "ஏங்க, அவங்கள்ல ஒருத்தருக்கு நாலஞ்சு பொண்டாட்டியாமே?" அது அந்தக் காலம், 1890-லேயே சபைத் தலைவர் நிறுத்தச் சொல்லிவிட்டார், இப்போது செய்தால் சபையை விட்டே நீக்கிவிடுவார்கள் என்று தேதிவாரியாக விளக்கினேன். "இவ்வளவு விவரமா எதுக்குப் படிச்சீங்க?" என்றாள். ஆராய்ச்சிக்கு இந்த வீட்டில் மதிப்பில்லை. வள்ளி தெய்வானையைக் கும்பிட கிருத்திகை தவறாமல் சுவாமிமலைக்குப் போகிறவள் இதைக் கேட்கிறாளே என்று தோன்றியது, சொல்லவில்லை.

அம்மா எதிர்ப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் மனசு மாறியது கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஒரு காலை வேளையில். மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை பட்டினி கிடந்து, அந்தச் சாப்பாட்டுக் காசை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றேன். "நல்ல வழக்கம்" என்றாள், கீரையைவிட்டுக் கண் எடுக்காமல். சம்பாத்தியத்தில் பத்தில் ஒரு பங்கு சபைக்கு என்றேன். "ம்." செத்துப்போன தாத்தா பாட்டிகளுக்காக இப்போது உயிரோடு இருப்பவர்கள் கோயிலில் போய் ஞானஸ்நானம் எடுக்கிறார்கள், அதற்காகவே தலைமுறை தலைமுறையாகப் பெயர்களைத் தேடிப் பதிந்து வைக்கிறார்கள், சால்ட் லேக் சிட்டியில் இதற்கென்று பெரிய நூலகமே இருக்கிறது என்றேன். கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"எத்தனை தலைமுறைக்கு?"

"பேர் கிடைக்கிற வரைக்கும்."

"நாம மூணோட நிறுத்திக்கறோம். அதுக்கே உங்கப்பா ஆடி அமாவாசைக்குப் பகவத் படித்துறையில கொள்ளுத்தாத்தா பேரை மறந்துட்டு முழிப்பார்." கீரையை மறுபடி எடுத்துக்கொண்டே தீர்ப்பு சொன்னாள்: "முன்னோரை மறக்காத ஜனம். தாராளமாப் போ."

அடுத்து வந்தது கோயில் விவகாரம். ப்ரோவோவின் நடுவில் 19-ஆம் நூற்றாண்டுச் செங்கல் மண்டபம் ஒன்று இருந்தது. 2010 டிசம்பரில் தீப்பிடித்து வெளிச்சுவர்கள்தான் மிஞ்சின. இடித்துத் தள்ளாமல், அந்தச் சுவர்களை இரும்புக் கால்களின்மேல் அந்தரத்தில் தாங்கி நிறுத்தி, அடியில் ஆழமாகத் தோண்டி நிலவறை கட்டி, 2016 மார்ச்சில் கோயிலாகப் பிரதிஷ்டை செய்தார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் இங்கே மகாமகம். நாங்கள் குளத்தில் முங்கிக்கொண்டிருந்தபோது அவர்கள் அங்கே பிரதிஷ்டைக்குத் தயாராகிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பிரதிஷ்டைக்கு முன்பு சில வாரம் யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம். அதன்பிறகு, சபையின் அனுமதிச் சீட்டு உள்ள உறுப்பினர்கள் மட்டும்.

"அது என்னங்க அநியாயம்? சாமி எல்லாருக்கும் பொதுதானே?" என்று பொங்கினாள் மனைவி.

மகள் போனைவிட்டுக் கண் எடுக்காமல், "நம்ம கோயில்ல கொடிமரத்துக்கிட்ட ஒரு போர்டு இருக்கும்மா, படிச்சதில்லையா?" என்றாள். அந்தத் தலைப்பு அத்தோடு முடிந்தது.

உண்மையில் என்னை யோசிக்க வைத்தது வீடு. அங்கே ஏற்கெனவே இருக்கும் மதுரைக்காரர் ஒருவரிடம் போனில் விசாரித்தேன். சாமான் வண்டி வந்து நின்றால், தெருக்காரர்கள் தானே வந்து பெட்டிகளை இறக்கிவைப்பார்கள், வீட்டில் செய்த பிஸ்கட் ஒரு தட்டு வரும் என்றார். பிறகு, "நீங்க எந்த வார்டு?" என்று கேட்பார்களாம். முனிசிபாலிட்டி வார்டு இல்லை. சபையில் அந்தத் தெரு எந்தப் பிரிவைச் சேர்ந்ததோ அது. இல்லை, நான் உங்கள் சபை இல்லை என்றால் சிரித்துக்கொண்டே ஒரு தடவை அழைப்பார்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்த மாட்டார்கள். "ஆனா சார், எல்லா விசேஷமும் சபையைச் சுத்தித்தான் நடக்கும். நாம கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிக்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்" என்றார்.

எனக்கு எங்கள் வீட்டுப் பின்போர்ஷன் நினைவு வந்தது. போன வருஷம் வாடகைக்குக் கேட்டு ஒரு பேங்க் உத்தியோகஸ்தர் வந்தார். அம்மா திண்ணையில் உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். சொந்த ஊர் எது? அந்த ஊரில் எந்தத் தெரு? குலதெய்வம் எங்கே? இந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் சொன்னால் போதும், சாதிச் சர்ட்டிஃபிகேட்டே தேவையில்லை. கடைசியாக, "வீட்டுல கறி மீன் உண்டா?" அந்த மனுஷர் டபராவைக் கீழே வைத்துவிட்டு, "மாசம் ஒரு தடவை, அதுவும் ஹோட்டல்லதாம்மா" என்றார். பாவம், பரீட்சை எழுதுகிறவர் முகம். வீடு கொடுத்தோம் என்று வையுங்கள். கொடுத்தது அம்மாவின் பெருந்தன்மை என்றுதான் தெருவே பேசியது. அவரும் அப்படியே நம்பி, இன்றைக்கும் முட்டையைப் பேப்பரில் சுற்றிப் பைக்குள் மறைத்துக் கொண்டுவருகிறார்.

அமெரிக்காவில் மதத்தைக் காரணம் காட்டி வீடு மறுக்க 1968-லிருந்து சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. அங்கே எந்தத் திண்ணையிலும் எனக்குக் குலதெய்வப் பரீட்சை இல்லை. ஆனாலும் ஒரு ஊரில் மற்றவராக இருப்பது எப்படி என்று நாற்பத்தைந்து வயதில் முதல் தடவையாகக் கற்றுக்கொள்ளப் போகிறேன். பின்போர்ஷன்காரரிடம் டியூஷன் வைத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன்.

மகளின் கவலை நேரடியானது. அங்கே உயர்நிலைப் பள்ளிகளில் பெற்றோர் சம்மதத்தோடு ஒரு பீரியட் வெளியே போகலாம். சபைப் பிள்ளைகள் பள்ளியை ஒட்டிச் சபை கட்டியிருக்கும் கட்டடத்துக்கு மத வகுப்புக்குப் போய்விட்டு வருவார்கள். "எல்லாரும் கிளம்பிப் போனப்புறம் நான் என்ன பண்றது?" என்றாள். பள்ளியிலேயே வேறு பாடம் எடுக்கலாம் என்றேன். இங்கே அவள் பள்ளியில் காலைப் பிரார்த்தனையில் கந்தசஷ்டி பாடும்போது சும்மா நிற்கும் ஆயிஷாவிடம் கேட்டிருக்கிறாள் போல. "பழகிடும்னு ஆயிஷா சொன்னாப்பா. ஆனா முதல் வாரம் நகத்தைக் கடிச்சுக்கிட்டு இருந்தாளாம்" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மற்ற விஷயங்களில் பெரிய சிக்கல் இல்லை. உயரம் ஏறக்குறைய ஏற்காடு அளவு, ஆனால் குளிர்காலத்தில் பனி கொட்டும். ஞாயிற்றுக்கிழமை பாதி ஊர் அடைத்துக் கிடக்கும். சவுத் ஜோர்டனில் ஒரு பிள்ளையார் கோயில் இருக்கிறது, தஞ்சாவூரைத் தாண்டும் தூரம். பக்கத்திலேயே ஸ்பானிஷ் ஃபோர்க்கில் ஒரு கிருஷ்ணன் கோயில். அங்கே ஹோலிக்கு வந்து வண்ணப்பொடி வீசுகிற ஆயிரக்கணக்கான பிள்ளைகளில் பலர் மார்மன் மாணவர்கள்! அந்தக் கோயில் வளாகத்தில் லாமாக்கள் வளர்ப்பதாகவும் படித்தேன். "கோயில்ல யானை வளர்ப்பாங்க. லாமா என்னத்துக்கு?" என்றாள் அம்மா. அதை நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் அவளுக்கு வந்துவிட்டது.

ஆனால் அவளை உடன் அழைத்துப் போக முடியாது. எல்-1 விசாவில் மனைவிக்கும் பிள்ளைக்கும்தான் இடம். பெற்ற தாய் பார்வையாளர் விசாவில் வந்து, வழக்கமாக ஆறு மாதம்வரை இருந்துவிட்டுத் திரும்ப வேண்டும். இதை எப்படிச் சொல்வது என்று நான் தயங்கிக்கொண்டிருக்க, அவள் முந்திக்கொண்டாள். "ஆறு மாசம் எதுக்கு? மூணு மாசம் போதும். அந்த லாமாவைப் பார்த்துட்டு வந்துடறேன். 2028-ல மகாமகம், அதுக்கு நீங்க எல்லாரும் இங்க இருக்கணும். அதை மட்டும் கம்பெனில எழுதி வாங்கிக்கோ."

ஆகவே, போகிறோம். கம்பெனிக்குச் சம்மதம் தெரிவித்து மெயிலும் போயாயிற்று. மகாமக லீவு கேட்டு எழுதியதற்கு மனிதவளத் துறை, அது என்ன நோய் என்று கேட்டிருக்கிறது.

எங்கள் மாடி காலியாகிறது. இரண்டு அறை, காற்றோட்டம் உண்டு, காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். வேண்டுவோர் அம்மாவை நேரில் பார்க்கலாம். குலதெய்வம் பற்றிக் கேட்க மாட்டாள், கறி மீன் பற்றியும் கேட்க மாட்டாள். இரண்டுக்கும் சத்தியம் வாங்கியிருக்கிறேன். காபி மட்டும் குடித்தாக வேண்டும்.