பி.டி. சார் ஆள் பார்க்கிறார்

மாசி மகத்தை ஒட்டி ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் புறப்படுவார். கிள்ளையில் முஸ்லிம்களும் எதிர்கொண்டு மரியாதை செய்கிற புறப்பாடு என்பதால் வெளியூர்க் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். எல்லோரும் சாமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ள, ஒருவர் மட்டும் சாமிக்குக் கீழே பார்த்துக்கொண்டிருப்பார். பாரம் ஏறும்போது முழங்காலை மடக்கி இடுப்பில் வாங்குகிறவன் யார், முதுகை வளைத்துக்கொண்டு முக்குகிறவன் யார் என்று கணக்கெடுப்பார். பக்கத்தில் நிற்கும் கிழவி, “தம்பிக்கு என்னா பக்தி, குனிஞ்ச தல நிமிரல!” என்பாள்.

இவர் கல்லூரி உடற்கல்வி இயக்குநர். அரசாணையில் அப்படி. மாணவர் வாயில் பி.டி. சார், கபடித் திடலில் மாஸ்டர். எந்தக் கல்லூரி என்று தேட வேண்டாம். விருத்தாசலம், சி.முட்லூர், காட்டுமன்னார்கோயில், கடலூர் என்று கல்லூரி இருக்கிற ஊரிலெல்லாம் இவர் இருக்கிறார். எல்லோரையும் சேர்த்துப் பிசைந்துதான் நான் ஒருவராக எழுதுகிறேன்.

இவருடைய விதைப்புக் காலம் பொங்கல். சுற்று வட்டாரத்தில் கரும்பு வெட்டு நடக்கும். திடலில் ஃபோகஸ் லைட் கட்டி, மைக்கில் ஒருவர் தொண்டை கிழியக் கபடி வர்ணனை செய்வார். ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தான் செமி ஃபைனல். பி.டி. சார் விழாக் குழுவின் பிளாஸ்டிக் நாற்காலியை மறுத்துவிட்டு, லைட் கம்பத்துக்குப் பின்னால் இருட்டில் நிற்பார். நாற்காலியில் உட்கார்ந்தால் மேடைக்குக் கூப்பிட்டுத் துண்டு போடுவார்கள். அடுத்த கல்லூரிக்காரர் கண்ணில் பட்டுவிடும்.

கூட்டம் ரைடரைப் பார்க்கும். பாடிப் போய் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் தொடையைத் தட்டிக்கொண்டு திரும்புகிறவனுக்கு விசில் பறக்கும். சிறந்த ரைடர் என்று மின்விசிறியோ மிக்சியோ கொடுப்பார்கள். சார் அவனைத் திரும்பியும் பார்க்க மாட்டார். அவனை எப்படியும் சென்னைக் கல்லூரி ஏதாவது ஒன்று ஹாஸ்டல், சாப்பாடு, ஷூ எல்லாம் இலவசம் என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போய்விடும். இவர் பார்ப்பது ஏழு பேரில் ஓரத்தில் நிற்கும் கார்னர் பையனை. ரைடர் போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டுகிற நொடியில் கணுக்காலைப் பிடிப்பானே, அவன். பிடித்தால் பேர் மொத்த டீமுக்கு, விட்டால் திட்டு அவனுக்கு மட்டும். அப்படித் திட்டு வாங்கியும் நடுவரோடு மல்லுக்கு நிற்காமல் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டுப் பழைய இடத்தில் போய் நிற்கிறானா என்று பார்ப்பார். அவுட்டாகி வெளியே உட்கார்ந்த பிறகும் அவன் வாய் ஓய்கிறதா என்பது இரண்டாவது சோதனை. வெளியே இருந்துகொண்டே, “லெஃப்ட்டுல ஏறாத, டூ ஆர் டை ரைடுடா!” என்று கத்தினால் சார் பாக்கெட் டைரியை எடுத்துவிடுவார். தோற்ற டீமில்தான் நல்ல கார்னர் இருப்பான் என்பது அவர் கட்சி. ஜெயித்த டீமில் கார்னருக்கு என்ன வேலை?

இதெல்லாம் கண் சம்பந்தப்பட்டது. கண் உள்ள பயிற்சியாளர்கள் நாட்டில் நிறைய. அவர்களில் பலர் ஆள் பிடிப்பதில் கோட்டை விடுவதற்குக் காரணம், பையனிடம் போய்ப் பேசுவது. பையனிடம் பேசி என்ன ஆகும்? அவன் எதற்கும் “சரிங்க சார்” என்பான். அப்பாவிடம் பேசுவது அதைவிட வீண். டீக்கடையில் அவர் மூன்று கல்லூரிக்கு வாக்குக் கொடுத்திருப்பார். நம்மவர் நேராக அம்மாவிடம் போவார். அதுவும் பிளஸ் டூ பரீட்சை முடிந்து, ரிசல்ட் வருவதற்கு முன்னால். அந்த இடைவெளியில்தான் பையன்கள் வீட்டில் அதிகத் திட்டு வாங்குவார்கள். அவனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்கிற ஆளுக்கு அப்போது தனி மதிப்பு.

போனால் கபடி என்ற சொல்லையே எடுக்க மாட்டார். முந்திரி இந்த வருஷம் எப்படி, ஆலையில் கரும்புப் பணம் வந்துவிட்டதா, காலேஜ் போகும் அக்காவுக்குப் புதுமைப் பெண் பணம் ஆயிரம் மாதாமாதம் ஏறுகிறதா என்று விசாரிப்பார். கூழ் கொடுத்தால் குடிப்பார். இரண்டாவது சொம்பும் கேட்டு வாங்குவார். சொம்பு காலியான பிறகு அந்த அம்மாளே பொறுக்க மாட்டாமல் ஆரம்பிப்பாள்.

“ஏன் சார், கைய கால ஒடச்சிக்கிட்டு வந்து நின்னா யாரு பாக்குறது?”

இந்த இடத்தில் கத்துக்குட்டிப் பயிற்சியாளர், “அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா” என்று சொல்லிக் காரியத்தைக் கெடுப்பார். நம்மவர் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டித் தழும்பைக் காட்டுவார்.

“ஒடையாதுன்னு நான் சொல்ல மாட்டேன்க்கா. எனக்கே ஒடஞ்சிருக்கு. இப்பக்கூட ஒக்காந்து எழுந்தா சத்தம் வரும், பாக்குறீங்களா?”

உட்கார்ந்து எழுந்து காட்டுவார். சத்தம் வரும். அந்த அம்மாள் சிரித்துவிடுவாள். அதற்கப்புறம் பேச்சு பஸ் எத்தனை மணிக்கு என்பதற்கு இறங்கிவிடும்.

வாக்குறுதி கொடுப்பதில் சார் மகா கஞ்சன். “நல்லா ஆடினா கவர்ன்மென்ட் வேலை கெடைக்குமாமே?” என்று கேட்டால், 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது என்று ஒப்புக்கொள்வார். உடனே அதன் கூடவே வரும் தலைவலியையும் சொல்லிவிடுவார்: ஒன்றாம் படிவம் சர்வதேசப் போட்டிக்கு, இரண்டு தேசியப் போட்டிக்கு, மூன்று பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு, சும்மா போய் வந்த சான்றிதழை லேமினேட் செய்து வைத்தால் சுவருக்குத்தான் அழகு. “கண்ணகி நகர் கார்த்திகா பஹ்ரைன்ல தங்கம் வாங்கிச்சு, டி.வி.ல பாத்தேன் சார்” என்பாள் அம்மா. “கடலூர்லயே இந்துமதி ஃபுட்பால்ல இந்தியாவுக்கு ஆடி, போலீஸ்ல எஸ்.ஐ. ஆயிருக்குக்கா. ஆனா ஒங்க புள்ளயும் அப்படி வரும்னு நான் எழுதித் தர மாட்டேன்” என்பார் இவர். உடனே அம்மாவுக்கு ரோஷம் வந்துவிடும். “ஏன், எங்க புள்ளைக்கு என்னா கொற?” என்று சண்டைக்கு வருவாள். சார் எதிர்பார்த்துக் காத்திருந்தது இந்தச் சண்டையைத்தான்.

அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்து என்று ஒன்று நடக்கிறது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள். பெயர் மட்டும் கால்பந்து. அங்கே அலபாமா பல்கலைக்கழகத்தில் நிக் சேபன் என்ற பயிற்சியாளர் 2024 தொடக்கத்தில் ஓய்வு பெறும்வரை ஆறு தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தார்; அவருடைய ஆண்டு வருமானம் ஒரு கோடி டாலரைத் தாண்டியது. அங்கே பயிற்சியாளர் எந்த மாதத்தில் பையனை நேரில் பார்க்கலாம், எந்த மாதத்தில் கூடாது என்று நாள்காட்டியே போட்டிருக்கிறார்கள். அங்கும் கடைசியில் பயிற்சியாளர் பையன் வீட்டுக்குப் போய் அம்மா சமைத்ததைச் சாப்பிட்டாக வேண்டுமாம். நம்மவருக்கு நாள்காட்டி கிடையாது. பெட்ரோல் மட்டும் சொந்தச் செலவு.

பையன் ஒப்புக்கொண்ட பிறகுதான் உண்மையான ஓட்டம். இணையத்தில் விண்ணப்பம் போடுவது, இ-சேவை மையத்தில் சாதிச் சான்றிதழுக்கு நிற்பது, டி.சி.யில் அப்பா பெயரின் இனிஷியல் தப்பாக இருந்தால் பள்ளிக்கு அலைவது எல்லாம் சார் தலையில். அரசு கலைக் கல்லூரிகளில் விளையாட்டு வீரர்களுக்கான சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு முதலிலேயே நடந்துவிடும். அன்று காலை பையன் வயலில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தால் இவர் வண்டியை வரப்பு வரை கொண்டுபோவார்.

சேர்த்த பிறகு துறைத் தலைவர்கள். 75 சதவீத வருகைப் பதிவு இல்லையென்றால் பரீட்சை எழுத முடியாது. தென் மண்டலப் போட்டி, அதற்கு முன் பயிற்சி முகாம் என்று பையனோ வகுப்பில் இருக்க மாட்டான். ஓ.டி. கையெழுத்துக்கு வரலாற்றுத் துறையில் போய் நிற்கும்போது சார் கையில் ஸ்ரீமுஷ்ணம் கோயில் கோரைக்கிழங்குப் பிரசாதம் இருக்கும். பிரசாதத்தை வாங்கிக்கொண்டு கையெழுத்து இல்லை என்று சொல்லும் நாத்திகர் இன்னும் பிறக்கவில்லை.

சென்னைக்குப் போன ரைடரையும் சார் கைவிடுவதில்லை. பல்கலைக்கழகப் போட்டிக்கு 25 வயது வரை ஆடலாம். மூன்று வருஷம் கழித்து, ஊர் ஏக்கத்தோடும் நாலு அரியரோடும் அவன் திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் எதேச்சையாக எதிர்ப்படுவார். “அரியர முடிச்சிட்டு வா. எம்.ஏ. வரலாறுல ஒரு எடம் இருக்குடா.” அப்படி வரலாறு படித்துவிட்டு, வயது மிச்சம் இருக்கிறதே என்று எம்.ஏ. தமிழும் படித்தவர்கள் நம் பக்கத்தில் உண்டு. கபடியால் தமிழ் வளர்ந்த கதையை யாராவது ஆய்வு செய்யலாம்.

இத்தனைக்கும் நடுவில் சாருக்கு ஒரே ஒரு கண்டம்: தாய்மாமன். அம்மா சம்மதித்து, அப்பா தலையாட்டி, பையன் ஷூ அளவு சொன்ன பிறகு, “மாமனை ஒரு வார்த்தை கேட்டுடுவோம்” என்பார்கள். மாமன் மறுநாள் காலை வருவார். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்பார். கேட்டுவிட்டு, “புள்ளய தாராளமா அனுப்புறோம் சார். ஆனா நம்ம பையன் ஒருத்தன் இருக்கான். அவனையும் அந்த ஸ்போர்ட்ஸ் கோட்டாவுலயே சேத்து விட்டுடுங்க” என்பார்.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பையன் வெளியே வருவான். கையில் செல்போன். காற்றடித்தால் பிடித்துக்கொள்ள வேண்டிய உடம்பு.

“வெயிட்டு எவ்ளோப்பா?”

“நாப்பத்திரெண்டு சார்.”

சார் கார்னர் பையனைப் பார்ப்பார். மாமனைப் பார்ப்பார். டைரியைத் திறந்து, பேனாவைக் கழற்றி, தொண்டையைச் செருமிக்கொள்வார்.

“செஸ் ஆடுவியா தம்பி?”

“ஃபோன்ல ஆடுவேன் சார்.”

“போதும்” என்று எழுதிக்கொள்வார்.