பங்கு வாங்காமலே நட்டப்பட்ட பாகூர்

புதுச்சேரியின் பாகூர், வில்லியனூர்ப் பக்கத்துப் பையன்கள் இப்போதுதான் டீமேட் கணக்கு தொடங்கி, ட்ரோன் கம்பெனி, ரேடார் கம்பெனி என்று பாதுகாப்புத் துறைப் பங்குகளைத் துழாவுகிறார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த இரண்டு ஊரும் பங்குச்சந்தைக்குள் போய் 270 வருஷத்துக்கு மேல் ஆகிறது. என்ன, அப்போது ஊர்க்காரர் யாரும் பங்கு வாங்கவில்லை. ஊரையே சொத்துக் கணக்கில் எழுதிக்கொண்டு பாரிசில் ஒரு கம்பெனி நடந்தது.

அதன் பெயர் பிரெஞ்சு இந்தியக் கும்பினி. 1664இல் பதினான்காம் லூயியின் மந்திரி கொல்பேர் தொடங்கியது. திரட்ட நினைத்த மூலதனம் 150 லட்சம் லிவ்ர். பங்கை விற்க விளம்பரம் வேண்டுமே? பிரெஞ்சு அகாதெமியின் உறுப்பினர் ஷார்பாந்தியே என்ற எழுத்தாளரைப் பிடித்து ஒரு சிறு புத்தகம் எழுத வைத்தார்கள். அரசனின் விசுவாசமுள்ள குடிமகன் ஒருவன் தானாகவே பொங்கி எழுதியதைப் போல அது அச்சாயிற்று. காசு வாங்கிக்கொண்டு 'இது என் சொந்தக் கருத்து' என்று டிப்ஸ் கொடுக்கும் மரபுக்கு 360 வருஷத்து வம்சாவளி இருக்கிறது என்று அறிக.

புத்தகம் படித்தும் சனம் அசையவில்லை. அரசன் 30 லட்சம் போட்டார். அதிகாரிகளும் நீதிபதிகளும் 'அன்போடு' வற்புறுத்தப்பட்டார்கள். பலர் முதல் தவணையைக் கட்டிவிட்டு, 'மிச்சப் பணத்துக்கு இந்தப் பக்கம் வராதே' என்று கதவைச் சாத்தினார்கள். இந்த அரைகுறை மூலதனத்தில்தான் 1673இல் புதுச்சேரியில் கால் வைத்தார்கள். வாலிகொண்டபுரத்து ஆளுநர் ஷேர்கான் லோடி இடம் கொடுத்தார். பிரான்சுவா மார்த்தேன் ஊரை வளர்த்தார். 1693இல் டச்சுக்காரன் பிடுங்கினான். 1699இல் திருப்பிக் கொடுத்தான். கும்பினிக்கு சூரத்தில் மட்டும் அவ்வளவு கடன். கப்பல் கரைக்கு வந்தால் கடன்காரர் பிடித்துக்கொள்வார்கள் என்பதால் அந்தத் துறைமுகம் பக்கமே போக முடியாத நிலை. கடைசியில் தன் வியாபார உரிமையைச் சேன்மாலோ வர்த்தகர்களுக்கு உள்குத்தகைக்கு விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தது.

இப்படிப்பட்ட கம்பெனியைத்தான் 'மல்ட்டிபேக்கர்' ஆக்கினார் ஜான் லா. ஸ்காட்லாந்துக்காரர். லண்டனில் 1694இல் ஒருவரோடு வாள் சண்டை போட்டுக் கொன்றுவிட்டு, சிறையிலிருந்து தப்பி, ஐரோப்பா முழுக்கச் சீட்டாடிப் பணம் சேர்த்தவர். இந்தத் தகுதிகளைப் பார்த்து பிரான்ஸ் அவர் கையில் முதலில் ஒரு வங்கியைக் கொடுத்தது, பிறகு மிசிசிப்பி வியாபாரத்தைக் கொடுத்தது, கடைசியில் 1720 ஜனவரியில் நாட்டின் கஜானாவையே கொடுத்தது. நடுவில், 1719 மே மாதம், திவாலாகிக் கிடந்த அந்த இந்தியக் கும்பினியையும் அவர் தன் கம்பெனியோடு சேர்த்துக்கொண்டார். புதுச்சேரி கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. உலகத்திலேயே அதிகச் சூடான பங்குக்குத் தான் சொந்தம் என்று புதுச்சேரி நெசவாளருக்கும் தெரியாது. புதுச்சேரி எங்கே இருக்கிறது என்று பங்கு வாங்கியவருக்கும் தெரியாது.

லாவின் பங்குகளுக்குக் குடும்பம் உண்டு. முதலில் வந்தவை 'அம்மா'. அடுத்து வந்தவை 'மகள்'. ஒரு மகள் பங்கு வேண்டுமானால் நான்கு அம்மா கையில் இருக்க வேண்டும். அதற்கடுத்து 'பேத்தி'. அதற்கு நான்கு அம்மாவும் ஒரு மகளும் தேவை. பெண் பார்க்கப் போகிற வீட்டில்கூட இவ்வளவு கேட்கமாட்டார்கள். தவணையில் கட்டலாம் என்றதும் சமையற்காரர், வண்டிக்காரர், பிரபு, பாதிரி எல்லாரும் கேன்காம்புவா தெருவில் குவிந்தார்கள். 500 லிவ்ர் முகமதிப்புள்ள பங்கு 1719 முடிவதற்குள் 10,000ஐத் தொட்டது. எழுத மேசை கிடைக்காத அந்த நெரிசலில் ஒரு கூனர் தன் முதுகை எழுதுபலகையாக வாடகைக்கு விட்டுச் சம்பாதித்தார் என்று ஒரு கதை உண்டு. உண்மையானால், அந்தத் தெருவில் கையில் உருப்படியாகக் காசு பார்த்த ஒரே தொழில்முனைவோர் அவர்தான்.

பிறகு நடந்தது எல்லா ஊரிலும் நடப்பது. கோந்தி இளவரசர் வங்கிக்கு வண்டி அனுப்பித் தன் காகிதத்தையெல்லாம் வெள்ளியாக மாற்றி ஏற்றிக்கொண்டு போனார். வீட்டில் 500 லிவ்ருக்கு மேல் நாணயம் வைத்திருந்தால் குற்றம் என்று 1720 பிப்ரவரியில் சட்டம் வந்தது. மே மாதம் பங்கின் விலையை அரசே குறைக்கும் என்று அறிவித்து, கலவரம் கண்டு ஒரே வாரத்தில் அதைத் திரும்பப் பெற்றது. ஜூலையில் வங்கி வாசல் நெரிசலில் ஆட்கள் செத்தார்கள். டிசம்பரில் லா நாட்டை விட்டு ஓடினார். 1729இல் வெனிசில் இறந்தார். அம்மா, மகள், பேத்தி எல்லாரும் தெருவுக்கு வந்தார்கள்.

கும்பினி மட்டும் சாகவில்லை. புகையிலை ஏகபோகத்தின் வருமானத்தில் பங்குதாரருக்கு ஒழுங்காக டிவிடெண்ட் கொடுத்துக்கொண்டு, துணியும் மிளகும் விற்றுக்கொண்டு சாதுவாக இருந்தது. 1742இல் புதுச்சேரிக்குக் கவர்னராக துய்ப்ளே வந்தார். அதன் பிறகுதான் இந்த மளிகைக் கம்பெனி பாதுகாப்புத் தொழில்நுட்பக் கம்பெனியாக மாறியது.

தொழில்நுட்பம் என்றால் விளையாட்டில்லை. நம்மூர் ஆட்களுக்கே துப்பாக்கி கொடுத்து, வரிசையாக நிற்க வைத்து, சொன்னவுடன் ஒரே நேரத்தில் சுடப் பழக்கிய சிப்பாய்ப் படை. கூடவே வேகமாகச் சுடும் சிறு பீரங்கிகள். 1746இல் அடையாறு ஆற்றங்கரையில் இதன் டெமோ நடந்தது. பரதி என்ற தளபதியின் கீழ் சுமார் ஆயிரம் பேர்; எதிரே ஆர்க்காட்டு நவாபின் மகன் மாபூஸ் கானின் பத்தாயிரம் பேர். ஆயிரம் பேர் ஆற்றில் இறங்கி வந்தார்கள். பத்தாயிரம் பேர் ஓடினார்கள். தென்னிந்தியாவில் நாற்காலிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த அத்தனை வாரிசுகளும் நிமிர்ந்து உட்கார்ந்து, 'இது என்ன விலை?' என்று கேட்டார்கள்.

முதல் பெரிய ஆர்டர் சந்தா சாகிப். ஆர்க்காட்டு நவாப் பதவி வேண்டும். இரண்டாவது முசாபர் ஜங். ஐதராபாத் நிஜாம் பதவி வேண்டும். 1749 ஆகஸ்டில் ஆம்பூரில் டெலிவரி ஆயிற்று. பழைய நவாப் அன்வருத்தீன் யானை மேலேயே மடிந்தார். வாடிக்கையாளர்கள் புதுச்சேரிக்கு விருந்துக்கு வந்தார்கள். பில் வந்தபோது கையில் காசில்லை. 'கிராமமாக எடுத்துக்கொள்ளுங்கள்' என்றார்கள்.

வில்லியனூரும் பாகூரும், சுற்றியிருந்த சிற்றூர்களோடு, இப்படித்தான் கும்பினியின் கணக்குப் புத்தகத்துக்குள் போயின. ஊர்க்காரரை யாரும் கேட்கவில்லை. சோழர் காலத்திலிருந்து மூலநாதர் கோயிலுக்கு விளக்கெரித்த பாகூர், திருக்காமீசுவரருக்குத் தேர் இழுத்த வில்லியனூர், இரண்டும் ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் பாரிஸ் பங்குதாரரின் 'நிலையான சொத்து'. நெல் அதே நெல், ஏரி அதே ஏரி. தீர்வை மட்டும் வேறு வாசலுக்கு.

துய்ப்ளேயின் வியாபாரத் திட்டம் கேட்க அழகாக இருந்தது: படையை வாடகைக்கு விட்டால் நிலம் வரும், நிலத்திலிருந்து தீர்வை வரும், தீர்வையில் படை நடக்கும், மிச்சத்தில் சரக்கு வாங்கலாம். பாரிசுக்கு இனி ஒரு காசும் கேட்கத் தேவையில்லை. பாரிஸ் இயக்குநர்கள், 'அதெல்லாம் சரி, துணி எங்கே?' என்று கடிதம் எழுதினார்கள். கடிதம் போக ஆறு மாதம், பதில் வர ஆறு மாதம். இயக்குநர் குழு 'வேண்டாம்' என்று எழுதிய தாள் கரை சேர்வதற்குள் கவர்னர் அடுத்த சண்டையை முடித்திருப்பார்.

வாடிக்கையாளர்களிடம் ஒரு கோளாறு இருந்தது. உயிரோடு இருக்கமாட்டேன் என்றார்கள். 1750 டிசம்பரில் நிஜாமாகிப் புதுச்சேரியில் கொண்டாடி, துய்ப்ளேவுக்கு வழுதாவூரை சாகீராகக் கொடுத்த முசாபர் ஜங், 1751 பிப்ரவரியில் வழியிலேயே கொல்லப்பட்டார். சந்தா சாகிப்பின் தலை 1752 ஜூனில் போயிற்று. ஆர்டர் புக்கில் பெயர் இருக்கிறது, பெயருக்குத் தலை இல்லை. இதற்குள் பக்கத்துக் கடைக்காரனான இங்கிலீஷ் கும்பினியும் அதே தொழில்நுட்பத்தைக் காப்பியடித்து அன்வருத்தீனின் மகன் முகமது அலிக்கு விற்றுவிட்டது.

அதே 1752இல் சண்டை சொத்தின் மேலேயே வந்து விழுந்தது. இங்கிலீஷ் தளபதி மேஜர் லாரன்ஸ் புதுச்சேரிப் பக்கம் வந்து, பயந்தவர் போலப் பாவனை செய்து பாகூர் வரை பின்வாங்கினார். 'எதிரி ஓடுகிறான், துரத்து' என்று துய்ப்ளே தன் உறவுக்காரரான கெர்ழானைக் கிளப்பிவிட்டார். பாகூர் வயல்களில் விடிவதற்கு முன்பே துப்பாக்கி முனை ஈட்டிகளோடு மோதல். கெர்ழான் கைதியானார். பாரிசில் இது பங்கு விலைச் செய்தி. பாகூரில் அது மிதிபட்ட வயல்.

1754 ஆகஸ்டில் இயக்குநர் கொதே நேரிலேயே வந்து இறங்கினார். துய்ப்ளே கப்பலேற்றப்பட்டார். சொந்தப் பணத்தையும் கும்பினிச் சண்டையில் போட்டிருந்த அவர், அதைத் திருப்பிக் கேட்டு வழக்கு நடத்தியே 1763இல் கடனோடு செத்தார். இப்படிச் சொந்தக் கம்பெனியில் தானே மாட்டிக்கொண்ட ப்ரோமோட்டர் அபூர்வம். அந்த மட்டில் நமக்கு அவர் மேல் மரியாதை உண்டு.

அடுத்து வந்தவர் தளபதி லாலி. 1758இல் இறங்கிய கையோடு கடலூர்ப் பக்கம் படையெடுக்க மாடும் வண்டியும் இல்லை. புதுச்சேரிச் சனங்களைச் சாதி பார்க்காமல் பிடித்துச் சுமை தூக்க வைத்தார். பிரெஞ்சுப் புரட்சிக்கு 31 வருஷம் முன்பே சமத்துவத்தை நம் முதுகில் ஒத்திகை பார்த்தவர் அவர். 1760 ஜனவரியில் வந்தவாசியில் தோல்வி. அதே வருஷம் வில்லியனூர்க் கோட்டையும் போயிற்று. 1761 ஜனவரி 16இல் புதுச்சேரியே சரணடைந்தது. கும்பினியின் துபாசி ஆனந்தரங்கப் பிள்ளை, கால் நூற்றாண்டாக நாட்குறிப்பு எழுதியவர், அதற்கு நான்கு நாள் முன்பு கண்ணை மூடினார். ஊரை இங்கிலீஷ்காரன் இடித்துத் தரைமட்டமாக்கினான். லாலியின் தலையை 1766இல் பாரிசில் வாயைக் கட்டி வெட்டினார்கள். லாலிக்காகப் பேனா எடுத்துச் சண்டை போட்ட வோல்டேரும் இந்தக் கும்பினியில் பணம் போட்டவர்தான். அறிவாளிகள் மாட்டமாட்டார்கள் என்று நினைப்பவர்கள் கவனிக்க.

இடிந்த ஊரைத் திரும்ப வாங்கிக்கொள்ள 1765இல் யாரை அனுப்பினார்கள் தெரியுமா? ழான் லா தெ லொரிஸ்தோன். பங்கு உச்சத்துக்கு ஏறிய அதே 1719இல் பிறந்த, ஜான் லாவின் தம்பி மகன்! சித்தப்பன் பெரியப்பன் செய்த பாவம் என்று நம்மூரில் சொல்வதை வரலாறு எழுத்து மாறாமல் நிறைவேற்றியது. அவர் 1777 வரை இருந்து ஊரைக் கட்டினார். கும்பினியின் ஏகபோகமோ 1769லேயே முடிந்தது.

கதை முடியவில்லை, 'ரீலிஸ்டிங்' ஆயிற்று. 1785இல் நிதி மந்திரி கலோன் அதே பெயரில் புதுக் கும்பினி தொடங்கினார். தெஸ்பானியாக் என்ற பாதிரி, நாட்டில் இருந்த பங்குகளைவிட அதிகமான பங்குகளுக்கு வாங்கும் ஒப்பந்தம் போட்டு சந்தையை மடக்கப் பார்த்தார். புரட்சி வந்ததும் சில சட்டமன்ற உறுப்பினர்கள் இன்னும் நேரடியாக இறங்கினார்கள்: மேடையேறிக் கும்பினியைத் திட்டு, விலை விழும், வாங்கு, பிறகு கும்பினிக்குச் சாதகமாகச் சட்டத்தைத் திருத்து. புரட்சி நாட்காட்டியின் மாதங்களுக்குக் கவிதையாகப் பெயர் வைத்த ஃபாப்ர் தெக்லாந்தீன், கும்பினியை மூடும் ஆணையின் வாசகத்தையே மாற்றினார் என்று வழக்கு. 1794 ஏப்ரல் 5இல் புரட்சித் தலைவர் தாந்தோனோடு ஒரே நாளில் அவர், கூட்டாளிகள், அந்தப் பாதிரி எல்லாரும் கில்லட்டினுக்குப் போனார்கள். இன்றைய செபி அபராதம் போடுகிறது. அன்றைய செபி கத்தியைப் போட்டது.

நம் காலத்துக்கு வருவோம். 2021இல் பாரஸ் டிஃபென்ஸ் பங்குக்கு 304 மடங்கு விண்ணப்பம் வந்தது. 2023இல் ட்ரோன் செய்யும் ஐடியாஃபோர்ஜ் 672 ரூபாய்க்கு வெளியாகி முதல் நாளே 1,300இல் தொடங்கியது. 2025 தொடக்கத்தில் வெளியீட்டு விலைக்கும் கீழே கிடந்தது. இவை நிஜமாகவே பொருள் செய்கிற கம்பெனிகள். அடையாற்றில் பரதியின் படையும் நிஜம்தான். சிக்கல் பொருளில் இல்லை. வாங்குகிறவர் ஒருவரோ இருவரோ. அவர் ஆர்டர் கொடுத்தால் திருவிழா, தள்ளிப்போட்டால் பட்டினி. அன்று நவாப், இன்று அமைச்சகம். இன்றைய வாடிக்கையாளர் தலையோடு இருக்கிறார், கிராமத்துக்குப் பதில் காசாகத் தருகிறார் என்பது முன்னேற்றம். இன்னொரு முன்னேற்றம், இன்று நட்டப்படுகிறவர் தன் விரலாலேயே பட்டனை அழுத்தி நட்டப்படுகிறார். 1752இல் பாகூர் உழவருக்கு அந்தச் சுதந்திரம்கூட இல்லை. விலை ஏறியபோது பாரிஸ் சாப்பிட்டது. இறங்கியபோது படை வந்து வயலைத் தின்றது.

ஆனாலும் கும்பினி நம்மை ஒரேயடியாக ஏமாற்றிவிட்டதாகச் சொல்ல முடியாது. 1783 செப்டம்பர் 3இல், அமெரிக்காவின் விடுதலையை இங்கிலாந்து ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட அதே நாளில், இங்கிலாந்தும் பிரான்சும் வெர்சாயில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் 14ஆவது பிரிவு, புதுச்சேரியைச் சுற்றி வில்லியனூர், பாகூர் இரண்டையும் பிரான்சுக்குப் பெற்றுத் தருவதாகப் பெயர் சொல்லி எழுதிற்று. நவாப் கட்டிய பில் அப்படியே சர்வதேச எல்லையாயிற்று. அதனால்தான் இன்றும் பேருந்தில் போனால் புதுச்சேரி, தமிழ்நாடு, மறுபடி புதுச்சேரி என்று மாநிலம் மாறிக்கொண்டே இருக்கிறது. பெண்ணையாற்றைத் தாண்டினால் பாகூர் கொம்யூனின் சோரியாங்குப்பம். வரி வேறு, விலை வேறு, பாட்டில் மலிவு. பதினான்காம் லூயியும் வோல்டேரும் பங்கு போட்டு, பிரபுக்கள் தெருவுக்கு வந்து, எத்தனையோ தலைகள் உருண்ட அந்தக் கம்பெனியின் டிவிடெண்டை, ஒரு பங்குகூட வாங்காத கடலூர்க்காரர் சனிக்கிழமை தோறும் ஒயின் ஷாப்பில் வரிசையில் நின்று வசூலித்துக்கொண்டு போகிறார்.