சார் எஃப்எம்

2020 மே மாதம் எங்கள் வீட்டில் அத்தனை பேரும் நானோ தொழில்நுட்பத்தில் தேர்ச்சி பெற்றோம். நான் கல்லூரியில் பொருளியல் நடத்துகிறவன். மனைவி தபால் ஆபீஸ் ஆர்.டி. ஏஜென்ட். மாமனார் ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். மூவரில் அதிக மார்க் அவருக்குத்தான்.

அது இ-சர்டிபிகேட்டுகளின் பொற்காலம். கல்லூரிகள் பூட்டிக் கிடந்தன. ஆனால் கூகுள் ஃபார்மில் வினாடி வினா நடத்தாத துறையைத் தமிழ்நாட்டில் தேட வேண்டியிருந்தது. வாட்ஸ்அப்பில் லிங்க் வரும். நாற்பது சதவீதம் எடுத்தால் பெயர் போட்ட சான்றிதழ் மெயிலில் வந்து நிற்கும். எடுக்காவிட்டாலும் குற்றமில்லை, மறுபடி எழுதலாம். ஒரே சிக்கல், சான்றிதழை அனுப்பும் அந்த இலவச ஏற்பாட்டில் ஒரு நாளைக்கு 100 மெயில்தான் போகும். முதல் நூறு பேருக்குள் வந்துவிட வேண்டும் என்று மாமனார் ராத்திரி பன்னிரண்டுக்கு அலாரம் வைத்து எழுந்தார். காலமெல்லாம் நைட் டியூட்டி பார்த்த உடம்பு. தேனீ வளர்ப்பு, அறிவுசார் சொத்துரிமை, நூலக அறிவியல் என்று வாங்கிக் குவித்தவர், பஸ் ஓடத் தொடங்கியதும் முதல் வேலையாகத் திண்டுக்கல் போய் எல்லாவற்றையும் லேமினேஷன் போட்டுக்கொண்டு வந்தார். அதே சான்றிதழ்களை நான் பதவி உயர்வு ஃபைலில் வைத்திருந்தேன் என்பது வேறு விஷயம்.

ஆகஸ்டில் ஆன்லைன் வகுப்பு தொடங்கியது. கருவி கருவியாக இறங்கிப் பார்த்தேன். ஜூமில் இலவசக் கணக்கு என்றால் 40 நிமிடம். அதற்கு மேல் யாராக இருந்தாலும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். ஒரு பேராசிரியரை அதற்கு மேல் தாங்க முடியாது என்ற உண்மை எந்தக் கல்விக் குழுவுக்கும் எட்டாமல், 2011இல் அந்தக் கம்பெனியைத் தொடங்கிய எரிக் யுவானுக்கு எட்டியிருக்கிறது. அடுத்து நார்வேக்காரர்களின் கஹூட் என்ற வினாடி வினா. அதில் மாணவர்கள் புனைபெயரில் விளையாடலாம். முதலிடம் 'வெள்ளோடு வேங்கை'. "யாருப்பா அது, கையைத் தூக்கு, பாராட்டணும்" என்றேன். திரை நிறைய கறுப்புக் கட்டங்கள், ஒன்றும் அசையவில்லை. வேங்கை இன்றுவரை பிடிபடவில்லை.

பொருளியல்காரனுக்குக் கோடு போடாமல் வாய் திறக்காது. தேவைக் கோடு இடமிருந்து வலமாகச் சரிய வேண்டும். மவுஸைப் பிடித்து நான் வரைந்த கோடு பாதி வழியில் மனம் மாறி மேலே ஏறிவிட்டது. விலை கூடக் கூட ஜனங்கள் அதிகமாக வாங்குகிறார்கள் என்று அர்த்தம். அப்படியும் ஒரு பண்டம் உண்டு, கிஃபன் பண்டம் என்று பெயர் என்று சொல்லி வகுப்பை நகர்த்தினேன்.

அந்தச் சமயத்தில் ஒரு படம் இணையத்தில் சுற்றியது. ஓர் ஆசிரியை ஃப்ரிட்ஜின் கண்ணாடித் தட்டை இரண்டு டப்பாக்களின் மேல் வைத்து, அதன் மேல் போனைக் கவிழ்த்து, தட்டுக்கு அடியில் நோட்டை வைத்து எழுதிக் காட்டுகிறார். அந்த வருஷம் வெளிவந்த கல்விக் கருவிகளில் அதை மிஞ்சியது எதுவும் இல்லை என்பது என் முடிவான கருத்து. எங்கள் ஃப்ரிட்ஜின் நடுத்தட்டை உருவினேன். இரண்டு பக்கமும் ஹார்லிக்ஸ் பாட்டில் முட்டு. கேமரா கீழே பார்க்க, கோடு அழகாக விழுந்தது. சமநிலை விலையைப் புள்ளி வைத்துக் குறிக்கப் போகும்போது பின்னாலிருந்து குரல்:

"என்னங்க, வெண்டைக்காயெல்லாம் முட்டை மேல விழுந்து கெடக்கு! நடுத்தட்டு எங்கங்க?"

மைக் திறந்திருந்தது. அதுவரை ஒரு புள்ளிகூட வைக்காத சாட் பெட்டியில் எல்லோரும் எழுதினார்கள். அந்தப் பருவத்தில் மாணவர் பங்கேற்பு உச்சத்தைத் தொட்ட வகுப்பு அதுதான்.

வாத்தியார் போதாதபோதெல்லாம் வானத்தைப் பார்ப்பது நம் நாட்டில் பழைய வழக்கம். 1975இல் அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குப் பாட நிகழ்ச்சிகளை டிவியில் காட்டினார்கள். தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. 1984 ஆகஸ்ட் 15 முதல் யுஜிசியின் நாடு தழுவிய வகுப்பறை தூர்தர்ஷனில் வந்தது. அதற்கு நிகழ்ச்சி தயாரிக்கும் மையம் ஒன்று மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் இருந்தது. எங்கள் பக்கம் டிவி வந்த பிறகு, கிரிக்கெட் போடுவான் என்று நம்பி உட்கார்ந்து, ஒருவர் ஆங்கிலத்தில் பவளப்பாறை பற்றிப் பேசுவதை வாய் பிளந்து பார்த்திருக்கிறோம். 2003இல் ஐஐடிகளின் என்பிடெல். 2004 செப்டம்பர் 20இல் கல்விக்கென்றே எடுசாட் பறந்தது. 2017இல் ஸ்வயம் என்ற இலவச ஆன்லைன் படிப்பு. சரக்கில் குறை சொல்ல முடியாது; என்பிடெல் பாடங்களில் சிலவற்றை நானே திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போவேன். ஆனால் இலவச ஆன்லைன் படிப்பில் நூறு பேர் சேர்ந்தால் முடிக்கிறவர் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள் என்பது உலகம் முழுக்கப் பொதுவான கணக்கு.

எங்கள் ஊர் ஸ்டேஷன் பலகையில் கொடைக்கானல் ரோடு என்று எழுதியிருக்கும். அதை நம்பி விடியற்காலையில் இறங்குகிற வெளியூர்க்காரர்கள் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வேர்க்க வேர்க்க மலையைத் தேடுவார்கள். இன்னும் 80 கிலோமீட்டர் ரோட்டில் போகணும் என்று டீக்கடைக்காரர் சொல்லும்போது அந்த முகங்களைப் பார்க்க வேண்டும். லாகின் ஆவதும் இங்கே வந்து இறங்குவதும் ஒன்று.

கல்லூரி மூடியதும் எங்கள் பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. பையன்களில் சிலர் திராட்சைப் பந்தலுக்குப் போனார்கள், சிலர் நிலக்கோட்டை சிப்காட்டுக்கு. பெண் பிள்ளைகள் மல்லிகைத் தோட்டத்துக்கு. மல்லி மொட்டாக இருக்கும்போதே பறித்து மார்க்கெட்டில் சேர்த்தாக வேண்டும். அதனால் இருட்டோடு இருட்டாக நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்குவார்கள். நான் ஒன்பது மணிக்கு லிங்க் அனுப்பும்போது அவர்களுக்குப் பாதிப் பகல் முடிந்திருக்கும். இந்தக் கருவிகளைச் செய்தவர்கள் மனசில் ஒரு மாணவன் இருக்கிறான். அவனுக்குத் தனி அறை உண்டு, மேஜை உண்டு, சும்மா இருக்கிற இரண்டு கை உண்டு. எங்கள் பிள்ளைகளுக்குக் காது மட்டும்தான் காலி.

இதை எனக்குச் சொன்னது எந்தப் பயிலரங்கும் இல்லை, இரண்டாம் வருஷப் பெண் ஒருத்தி. "ஸ்க்ரீனைப் பாக்க முடியல சார், கையில பூ. நீங்க பேசி அனுப்பிருங்க, கேட்டுக்குறோம்."

பேசி அனுப்பினேன். எட்டு நிமிட வாய்ஸ் நோட். ஒன்றிரண்டு எம்பிக்குள் அடங்கிவிடும், தோட்டத்தில் கிடைக்கிற சிக்னலே போதும். கோடு போட வழியில்லை, சொல்லியே காட்ட வேண்டும். நடுவில் சரக்கு ரயில் போனால் அதுவும் பாடத்தோடு சேர்ந்து போகும். இந்தப் பக்கம் டீக்கடை, மினிபஸ், களத்துமேடு எல்லாவற்றிலும் கோடை பண்பலை 100.5 பாடிக்கொண்டிருக்கும் என்பதால், என் வாய்ஸ் நோட்டுக்கு 'சார் எஃப்எம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நேயர் விருப்பம்கூட வந்தது: "சார், பணவீக்கம் இன்னொரு தடவ போடுங்க."

பேசி அனுப்பச் சொன்ன அந்தப் பிள்ளையின் அம்மாவும் பக்கத்து வரிசையில் நின்று கேட்டிருக்கிறார். அளிப்பு நெகிழ்ச்சியை நான் விளக்கிய அன்று, மகள் போனில் அம்மாவின் குரலே வந்துவிட்டது. "சார், வெல கம்மின்னா யாவாரி சரக்க வச்சிருந்து விப்பான்னு சொல்றீங்க. நெல்ல வைக்கலாம். மல்லிய எப்பிடி வைக்கிறது? பொழுது சாஞ்சா அது பாட்டுக்கு விரிஞ்சு போயிரும். அவன் கேட்ட வெலைக்குக் குடுத்துட்டு வர வேண்டியதுதான்." ஆல்பிரட் மார்ஷல் 1890இல் எழுதிய புத்தகத்தில் கால அளவையும் அளிப்பையும் மீன்பிடித் தொழிலை வைத்துப் பக்கம் பக்கமாக விளக்குவார். அந்த அம்மா அரை நிமிடத்தில் முடித்துவிட்டார். அதை அப்படியே வகுப்பு குரூப்பில் ஃபார்வர்டு செய்தேன். தேர்வில் எல்லோரும் மல்லிகையை எழுதினார்கள். மார்ஷலை ஒருவரும் எழுதவில்லை.

2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்கள் 9.69 லட்சம் பேருக்குத் தினமும் 2 ஜிபி டேட்டா இலவசம் என்று அரசாங்கம் அறிவித்தது. அதே ஜனவரிக் கடைசியில் 'மாஸ்டர்' படம் ஓடிடிக்கு வந்தது. அதில் விஜய்க்குக் கல்லூரிப் பேராசிரியர் வேஷம். டேட்டா பாடம் சார்ந்த பணிக்கே செலவானது என்று நான் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடத் தயார்.

இப்போது வகுப்பறைக்கே திரும்பிவிட்டோம். 2022 நவம்பரில் வந்த சாட்ஜிபிடி மட்டும் கூடவே வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. போன பருவத்தில் ஒரு தம்பியின் அசைன்மென்ட், "நிச்சயமாக! நீங்கள் கேட்டபடி கறுப்புப் பணம் பற்றிய கட்டுரை இதோ" என்று தொடங்கியது. இனி எழுத்தே வேண்டாம், பழையபடி வாய்ஸ் நோட்டில் சொந்தமாகப் பேசி அனுப்பு என்று உத்தரவு போட்டேன். அன்று ராத்திரியே வந்தது. நல்ல குரல், தடங்கலே இல்லை. முன்னுரை, காரணங்கள், தீர்வுகள், முடிவுரை. எல்லாம் முடிந்த பிறகு, அதே குரலில், அதே மரியாதையோடு கேட்டான்: "இதை இன்னும் எளிமையாகச் சுருக்கித் தரட்டுமா?"

"தாங்க தம்பி" என்று பதில் போட்டேன்.